கழுத்துக்கு மஞ்சள்

“இன்னும் கொஞ்சம் மஞ்சப்பொடி கொட்டுடி, கழுத்துக்குப் பத்தலை” என்று விஜயலக்ஷ்மி அத்தை கிண்ணத்தை நீட்டினாள். சாதனா பொட்டலத்தைப் பிரிக்காமல் நின்றாள்.

பின்கட்டு வராந்தாவில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கீழ்வீட்டு வங்காளி மாமி மீரா காக்கிமா மறைப்பாகப் போர்வையைப் பிடித்திருந்தாள். சுமங்கலியாகப் போனவளுக்கு மஞ்சள் பூசித்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்த வழக்கம் இன்றைக்கு அப்பாவுக்கு எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று! கன்னத்து நீலம் மறைந்தாயிற்று, தோள் மறைந்தாயிற்று. கழுத்தில் பதிந்திருந்த நாலு விரலும் ஒரு கட்டைவிரலும்தான் பாக்கி.

“அக்கா, ஆச்சா? டாக்டர் வந்துண்டிருக்கார்” என்று கூடத்திலிருந்து அப்பா கிரிதரின் குரல் வந்தது. துறைமுக ஆபீசில் எல்லோரையும் விரட்டும் அதே குரல். விடிந்த பிறகுதான் தமக்கையை டாக்குரியாவிலிருந்து வரவழைத்திருந்தார். எப்படி விழுந்தாள் என்று அவள் கேட்டதற்கு, “பாத்ரூம் தரை வழுக்கி விட்டுடுத்து” என்றார்.

இந்த வீட்டில் சாமான்களுக்குத்தான் கை கால் எல்லாம். போன வருஷம் அலமாரி அம்மாவின் நெற்றியைக் கிழித்தது. தீபாவளிக்கு முதல் நாள் கதவு அவள் பல்லை உடைத்தது. அம்மாதான் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் அப்படிச் சொல்வாள். அப்பா பரம சாது.

போன வாரம் இங்கிலீஷ் வகுப்பில் பர்சானிஃபிகேஷன் நடந்தது. உயிரில்லாத பொருள் மனுஷன் மாதிரி காரியம் செய்வதாகச் சொல்வது, ஆளுக்கொரு உதாரணம் கொடுங்கள் என்றார் மிஸ். நிலா சிரித்தது என்றாள் ஒருத்தி. காற்று பாடியது என்றாள் இன்னொருத்தி. “கதவு என் அம்மாவை அடித்தது” என்றாள் சாதனா. வகுப்பே சிரித்தது. புதுசாக இருக்கிறது, வெரி குட் என்றார் மிஸ். வீட்டில் தினப்படி புழங்குவதற்கு இப்படி ஒரு பெயர் உண்டா என்று அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நேற்று சாயங்காலம் டெஸ்டுக்கு அதைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா வந்து அவள் அறையை வெளியே தாழ் போட்டார். பிறகு அம்மாவின் தலை சுவரில் மோதும் சத்தம் கேட்டது. மறுபடியும், மறுபடியும். சாதனா கதவை உதைத்தாள், கத்தினாள். டிவி அதைவிட உரக்கக் கத்தியது. தாழ் திறந்ததும் அப்பா அவள் வாயைப் பொத்தி, “வழுக்கி விழுந்துட்டா, புரியறதா?” என்றார். அந்தக் கையில் சோப்பு வாசனை அடித்தது.

வாசல் மணி அடித்தது. டாக்டர் உட்கார்ந்து மரண சர்டிபிகேட் எழுதப் பேனாவைத் திறக்க, அப்பா சரளமான வங்காளியில் தரையின் குற்றத்தை விவரித்தார்.

அத்தை பொட்டலத்தைப் பிடுங்கித் தானே மஞ்சளைக் குழைத்தாள். விரல் தடங்களுக்கு மேலே அவள் கை தயங்கி நின்றது.

“தேய்க்காதீங்கோ அத்தை.”

“சும்மா இருடி. அம்மா போயிட்டா. அப்பாவும் உள்ள போயிட்டா உனக்கு யாரு இருக்கா?” என்று கிசுகிசுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பூசினாள்.

சாதனா விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள். “பாபா மேரேச்சே” என்றாள். அப்பாதான் அடித்தார் என்று டாக்டருக்குத் தெரிந்த பாஷையில் ரெண்டே வார்த்தை. பிறகு அதே பாஷையில், “கழுத்தைப் பாருங்கோ.”

அப்பா முதலில் சிரித்தார். தாயாரைப் பறிகொடுத்த அதிர்ச்சி, டாக்டர் பாபு, என்றார். டாக்டர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்ததும் அந்தச் சிரிப்பு போயிற்று. பாய்ந்து வந்து மகளின் பின்னலைச் சுருட்டிப் பிடித்து ஷோகேஸில் மோதினார். கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. உதடு கிழிந்து ரத்தம் நேற்றிலிருந்து மாற்றாத யூனிஃபார்மில் சொட்டியது. மறுபடி ஓங்கிய கை, ஆட்கள் இருப்பது நினைவு வந்து அந்தரத்தில் நின்றது.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு செல்போனை எடுத்தார்.

“அக்கா, நீயே வந்து சொல்லு!” என்று அப்பா அலறினார். “அவ மேல ஏதாவது காயம் இருக்கா? சொல்லேன்!”

அத்தை பின்கட்டுக் கதவு வழியாகச் சாதனாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொம்பில் தண்ணீர் மொண்டு அம்மாவின் கழுத்தில் ஊற்றினாள். புடவைத் தலைப்பால் குழந்தைக்குத் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றித் துடைத்தாள்.

மீரா காக்கிமாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போர்வை மெதுவாக இறங்கியது.