சட்டைப் பையும் முப்பத்தொன்றாம் பக்கமும்

1

ஒரு பிழையை மறைப்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது என்னுடைய பிழைதானா என்று எனக்குத் தெரியாது. பிழைதானா என்பதே தெரியாது. இப்போது காலை ஒன்பது நாற்பது. பத்தரை மணிக்குக் கீழ்த்தள நீதிமன்றக் கூடத்தில் ஒரு தீர்ப்பு வாசிக்கப்படும். அந்தக் கோப்பு என் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. பேனா ஓடிக்கொண்டிருந்தால் யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். பிள்ளை வேலையாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அரசமைப்பு நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியின் அறையில் நான் வரைவு எழுத்தர். தீர்ப்புகளின் முதல் வரைவைத் தயாரிப்பது என் வேலை. மற்ற நேரங்களில் மொழிபெயர்ப்பு நாவல்கள் படிப்பேன். அவற்றில் எப்போதும் பனி பெய்யும். ஒரே ஆளுக்கு நான்கு பெயர்கள் இருக்கும். அதனால் என் முதல் தொடக்கம் இப்படி வந்தது:

"வெளியே மழை. முதிய நீதிபதி தன் வெண்தாடியை நீவியபடி சன்னலருகே நின்று, ஒரு மனிதனின் விதியை"

(அடித்துவிட்டேன். மழை இல்லை. சன்னல் திறக்காது. எங்கள் நீதிபதிக்குத் தாடியும் இல்லை. அவர் ஒரு பெண். பெண் நீதிபதியாகலாமா என்பது பற்றி மார்க்கச் சட்ட நூல்களில் பழைய சண்டை ஒன்று உண்டு. அதற்கு அவர் வாயால் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஒன்பது மணிக்கு வருவார், இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.)

2

வழக்கு எளிது. அப்படித்தான் முதலில் நினைத்தேன்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் பதினான்கு மாதங்களாகத் தடுப்புக்காவலில் இருக்கிறார். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. பொது ஒழுங்கைப் பார்க்கும் ஆய்வாளர் ஒருவர் பின்பக்கச் சுவரேறி அவர் வீட்டுக்குள் குதித்து, அலமாரியிலிருந்து ஒரு கையெழுத்துத் தாளை எடுத்தார். ஆட்சியாளருக்கு மக்கள் கொடுக்கும் உறுதிமொழி, அதாவது பைஅத், இரு தரப்பு ஒப்பந்தம்தான் என்று அதில் எழுதியிருந்தது. 'எத்தரப்பு நிபந்தனையை மீறினாலும் மறுதரப்பு பராமரிப்பை நிறுத்திக்கொள்ளலாம்.' லிஃப்ட் பராமரிப்புப் படிவத்திலிருந்து அப்படியே எடுத்த வரி. மனிதருக்குத் தெரிந்த மொழி அது. அரசு வழக்கறிஞர் இதை வாசித்தபோது நீதிமன்றத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். வழக்கறிஞர் சிரிக்கவில்லை.

எங்கள் அரசமைப்பின் இரண்டாம் பிரிவு, எந்தச் சட்டமும் ஷரீஅத்துக்கு முரணாக இருக்கக் கூடாது என்கிறது. பத்தொன்பதாம் பிரிவு, குற்றச்சாட்டு இல்லாமல் யாரையும் முப்பது நாளுக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்கிறது. அதே மூச்சில், 'பொதுநலன் கோரினாலொழிய' என்றும் சேர்த்துக்கொள்கிறது. கதவைக் கட்டி, பூட்டைப் போட்டு, சாவியை வெளியே தொங்கவிட்ட மாதிரி.

மெக்கானிக்கின் மனைவிதான் மனுதாரர். அவர் தரப்பு இரண்டாம் பிரிவைப் பிடித்துக்கொண்டது. ஆய்வாளருக்கு அதிகாரம் வெளியே தெரியும் குற்றத்தின் மேல்தான். மூடிய கதவுக்குள் துருவிப் பார்ப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அரசு 'மஸ்லஹா' என்றது, அதாவது பொதுநலன். அதுவும் ஷரீஅத்தில் உள்ள சொல்தான் என்றது. இரண்டு பேரும் ஒரே அலமாரியிலிருந்துதான் புத்தகம் எடுத்தார்கள். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.*

* தலையாட்டுவது வரைவு எழுத்தருக்குத் தொழில்நோய்.

3

எங்கள் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு தீர்ப்பு எழுதுவோம். ஒன்றில் மனு ஏற்கப்படும், மற்றதில் தள்ளுபடியாகும். நீதிபதி இரண்டையும் வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டுக் கொண்டுவருவார். மற்றது தாள் கிழிக்கும் எந்திரத்துக்குப் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "ரெண்டையும் ஒரே கையால எழுதும்மா. ஒண்ண மட்டும் ஆசையா எழுதினா, அதுல எனக்கு உன் மனசுதான் தெரியும்."

ஒரே கையால்தான் எழுதினேன். முதல் இருபத்து நான்கு பக்கங்கள் இரண்டுக்கும் பொது. இருபத்தைந்திலிருந்து முப்பது வரை காரணங்கள். முப்பத்தொன்றில் உத்தரவு. இரண்டிலும் உத்தரவு சரியாக முப்பத்தொன்றாம் பக்கத்தில் தொடங்கும்படி வாக்கியங்களை வெட்டியும் நீட்டியும் வைத்தேன். அழகுக்காக. யாரும் கேட்காத அழகு. இந்தக் கதையில் யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் அந்த அழகைத் தண்டியுங்கள்.

விடுதலை வரைவில் பழைய சட்ட அறிஞர்களின் விதி ஒன்றை வைத்தேன்: சந்தேகம் இருந்தால் தண்டனையை விலக்கு, தண்டித்துத் தவறுவதைவிட மன்னித்துத் தவறுவது மேல். தள்ளுபடி வரைவில் அதற்கு மறுப்பையும் நானே எழுதினேன்: 'தடுப்புக்காவல் தண்டனை அன்று, எனவே அந்த விதிக்கு இங்கே வேலை இல்லை.' வெட்கத்தோடு சொல்கிறேன், இரண்டு வரைவிலும் சேர்த்து நான் எழுதிய மிகச் சிறந்த வாக்கியம் இதுதான். எழுதி முடித்து இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

கோப்புகளுக்கு முத்திரை குத்துபவரை நாங்கள் சீல் அண்ணன் என்போம். அவர் இரண்டையும் புரட்டிவிட்டு, "விடுதலைத் தீர்ப்ப படிச்சேன்மா, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அடுத்த தடவ ஒரு பாட்டும் சேர்த்துரு" என்றார். தள்ளுபடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

4

மனுதாரரைப் பாத்திரமாக்குவதில்தான் தடுமாறுகிறேன். நாவல்களில் இப்படிப்பட்ட மனைவிகள் வாசலில் சிலைபோல நிற்பார்கள். இவர் தையல்காரி. நிற்க நேரமில்லாதவர். நேற்று மதியம் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு வரைவுகளையும் நூல் கட்டாமல் கையில் ஏந்திக்கொண்டு நீதிபதி அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தீர்ப்பு எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். அதோடு போயிருக்க வேண்டும். அந்தச் சனியன் பிடித்த வாக்கியம் வாயில் ஊறிக்கொண்டே இருந்ததால், சட்டத்தின் பார்வையில் தடுப்புக்காவல் தண்டனை ஆகாது என்று ஒரு கருத்து இருக்கிறது, அக்கா, என்று சொல்லிவிட்டேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"அப்படியா தங்கச்சி. போன வருஷம் கழுத்து பதினாறு. நோன்புக்கு முன்னாடி பதினஞ்சரை. இது பதினாலரை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு கண்ணளவுல எடுக்கறேன், ஒரு தடவையும் தப்பல. தண்டனை இல்லாமயே ஆளு இப்படிச் சுருங்கினா, தண்டனை குடுத்தா எந்த அளவுல தைக்கறது?"

சட்டையில் மார்புப் பை இல்லை. சிறைக்குள் பை வைத்த சட்டைக்கு அனுமதி இல்லையாம். பைக்கான துணியைத் தனியாக வெட்டி மடியில் வைத்திருந்தார். விடுதலை என்றால் இங்கேயே உட்கார்ந்து தைத்துவிடுவாராம். பை இல்லாத சட்டையோடு அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக மாட்டாராம்.

துணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தாள்களை பெஞ்சில் வைத்தேன். மேலே மின்விசிறி.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். இருவரும் குனிந்து பொறுக்கினோம். அவர் பொறுக்கியவற்றை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கொடுத்தார். நாகரிகம் என்று நினைத்தேன். இப்போது, அவருக்கு நன்றாக வாசிக்கத் தெரியும் என்பதால்

(இந்த வாக்கியத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன். அது அவருக்கும் நல்லதல்ல, எனக்கும்.)

5

ஒன்பது முப்பத்தைந்துக்கு நீதிபதியின் மேசையிலிருந்து கோப்பு வந்தது. ஒரு தொகுதி மட்டும், பச்சை நூலில் கட்டி. முத்திரைக்கு அனுப்புமுன் பக்க எண்களைச் சரிபார்ப்பது என் கடமை. இருபத்தைந்திலிருந்து முப்பது வரை: தள்ளுபடியின் காரணங்கள். என் அருமை வாக்கியமும் இருக்கிறது. முப்பத்தொன்று: 'மனு ஏற்கப்படுகிறது. காவலில் உள்ளவரை உடனே விடுவிக்க உத்தரவிடப்படுகிறது.' கீழே நீதிபதியின் கையெழுத்து.

காரணம் ஒரு வீட்டுக்கு, உத்தரவு இன்னொரு வீட்டுக்கு. எண்கள் மட்டும் கச்சிதமாகத் தொடர்கின்றன.

மற்ற தொகுதி எங்கே என்று கேட்டேன். சீல் அண்ணன் கிழிக்கும் எந்திரத்தைக் காட்டினார். "நூடுல்ஸ் ஆயிருச்சு" என்றார்.

பொறுக்கும்போது நான் மாற்றி அடுக்கியிருந்தால் இரண்டு தொகுதிகளுமே குழம்பியிருக்கும். அப்படியானால் நீதிபதி எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்? காரணங்களைப் பார்த்து என்றால், மெக்கானிக் உள்ளே இருக்க வேண்டியவர். கடைசிப் பக்கத்தைப் பார்த்து என்றால், வெளியே. அல்லது நான் சரியாகத்தான் அடுக்கினேன்; அவரே பக்கத்தை மாற்றினார். ஏன் மாற்ற வேண்டும்? விடுவிக்க மனம் வந்து காரணம் மட்டும் கிடைக்காமல் போயிருக்குமோ? ஒரு நீதிபதி அப்படிச் செய்வாரா? நாவலில் செய்வார். இந்தக் கட்டடத்தில்?

6

போய்க் கேட்கலாமே என்கிறீர்கள். நீதிபதியின் அறை பதினோரு அடி தள்ளி இருக்கிறது. இருமல் கேட்கிறது.

முதல் முடிவு: கேட்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, 'நல்லவேளை பார்த்தே' என்கிறார். கடைசிப் பக்கம் மாறுகிறது. நான் நேர்மையானவள். கழுத்தளவு பதினாலு.

இரண்டாம் முடிவு: கேட்கவில்லை. நீதிமன்றத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் வாசிப்பது வழக்கம். மெக்கானிக் மாலைக்குள் வீட்டில். காரணங்களின் நகல் ஒரு வாரத்தில் இரு தரப்புக்கும் போகும். அரசு வழக்கறிஞர் இருபத்தைந்தாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்காருவார், முப்பதாம் பக்கத்தில் எழுந்து நிற்பார். மெக்கானிக்கை மறுபடி பிடிக்க வருவார்கள். இந்த முறை சுவரேறத் தேவையில்லை. கதவைத் தட்டினால் அவரே திறப்பார், மார்பில் பை வைத்த சட்டையோடு.

மூன்றாம் முடிவு: கேட்கிறேன். அவர் என்னைப் பார்த்து, 'எந்தப் பக்கத்தை நீ முதல்ல படிச்சே?' என்கிறார். அதற்குமேல் எழுத வரவில்லை. அந்தக் கேள்வி எச்சரிக்கையா அனுமதியா என்று எனக்குப் புரியவில்லை. நானே புனைந்த வசனம், எனக்கே புரியவில்லை.

மன்னித்துத் தவறுவது மேல். ஆனால் அந்த விதி நீதிபதிக்குச் சொன்னது. எழுத்தருக்குச் சொன்னது அமானத்: உன்னிடம் ஒப்படைத்ததை ஒப்படைத்தபடியே திருப்பிக் கொடு. என்னிடம் ஒப்படைத்தது எது? இந்தப் பக்கமா, இந்தக் கையெழுத்தா, இல்லை கம்பிக்கு அந்தப் பக்கம் சுருங்கிக்கொண்டிருக்கும் கழுத்தா? காலையிலிருந்து இரண்டு தரப்புக்கும் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.

7

பத்து இருபத்தைந்து. சீல் அண்ணன் முத்திரையை மைத்திண்டில் அழுத்திவிட்டு என் மேசைப் பக்கம் பார்க்கிறார். "கதை முடிஞ்சுதா? கோப்பக் குடு தாயி" என்கிறார். நான் எழுதுவது கதை என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

எழுந்துவிட்டேன். நின்றுகொண்டே எழுதுவதால் எழுத்து கோணுகிறது. கோப்பு இடது கையில். வலப்பக்கம் போனால் நீதிபதியின் கதவு, இடப்பக்கம் முத்திரை மேசை. நேர் எதிரே தாழ்வாரம், கதவு பாதி திறந்திருக்கிறது. பெஞ்சில் தையல்காரி அக்கா. பைத்துணியைச் சட்டையின் மார்பில் வைத்து இரண்டு குண்டூசி குத்தியிருக்கிறார். ஊசியில் நூல் கோத்தாயிற்று.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது உங்களுக்கும் தெரியும். அவரைவிட நமக்கு ஒரு பக்கம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். அவர் நிமிர்ந்து பார்க்கிறார். என்னைத்தான் என்று நினைத்தேன். இல்லை, எனக்குப் பின்னால் நின்று இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களை.

"பையை வச்சுத் தைக்கட்டுமா?" என்று கேட்கிறார்.

சொல்லுங்கள். நூல் கோத்துக் காத்திருக்கிறார்.