அட்டை என்பது யார்?

தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவசாமி சேற்றுப் பூட்ஸோடு வகுப்புக்குள் வந்து, மகள் தனுஜாவின் கொப்பியை மேசையில் அறைந்தார். தரம் பத்துக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஜெயந்தினி டீச்சர் சோக்கைக் கீழே வைத்தாள்.

"நான் அட்டையா டீச்சரம்மா? வாசிங்க, என்னா எழுதியிருக்குன்னு!"

வாசிக்கத் தேவையில்லை. உருவகமும் குறியீடும் விளங்கட்டும் என்று போன கிழமை அவளே ஒரு குட்டிக் கதை எழுதிக் கொடுத்திருந்தாள். மழையில் கொழுந்து பறிக்கிறவளின் காலில் அட்டை ஏறுகிறது. கொழுந்தை விட்டுக் கையெடுக்கப் பயந்து, இரத்தத்தைக் குடித்துத் தொலையட்டும் என்று அவள் விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அட்டை எதைக் குறிக்கிறது, கதையிலிருந்தே சான்று காட்டுங்கள் என்று கேட்டிருந்தாள். மற்றப் பிள்ளைகள் வறுமை, நோய் என்று எழுதினார்கள். தனுஜா எழுதியது வேறு: 'அட்டை என் அப்பா. மழை பெய்தால்தான் அட்டை வெளியே வரும். மழையில்தான் அப்பாவும் குடையோடு வந்து, ஒருத்தரும் மலையிறங்கக் கூடாது என்று நிற்பார்.' இப்படி ஒரு சான்றா! டீச்சர் தலைகால் புரியாமல் சிவப்புப் பேனாவால் பெரிதாகச் சரி போட்டுவிட்டாள். புத்தி எங்கே மேயப் போயிற்றோ!

இந்தப் பள்ளியில் கொப்பியில் இருப்பதெல்லாம் டீச்சர்மார் சொல்லச் சொல்ல எழுதிய நோட்ஸ்தான். நாற்பது கொப்பியிலும் ஒரே வசனம் இருக்கும். தன் பிள்ளை தானாக யோசித்து எழுதியிருக்கும் என்று எந்த அப்பனுக்குத் தோன்றும்?

"ஒங்கம்மா எனக்குக் கீழதானே வேலை செய்யுது? நாளைக்குக் காலையில பெரட்டுல ஆள் பிரிக்கிறப்ப மேமலைக்குப் பேர் குடுக்கிறேன். ஏறட்டும்!"

கொழுந்து பறிக்கும் ஜெயந்தினியின் அம்மா அம்மாக்கண்ணுவுக்கு முழங்கால் ஏற்கெனவே வீங்கிக் கிடந்தது. செங்குத்தான மேமலையில் ஏறினால் அந்தக் கால் அதோடு சரி. 'உங்கள் மகளே எழுதியது' என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மா தப்புவாள். தனுஜாவின் முதுகுத்தோல் தப்பாது. ஜெயந்தினிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"நான்தாங்க சொல்லிக் குடுத்தேன்," என்றாள்.

"இல்லப்பா!" பின் பெஞ்சிலிருந்து தனுஜா எழுந்தாள். "டீச்சர் பொய் சொல்றாங்க. நான்தான் எழுதுனேன். நீங்க பாதிதான் வாசிச்சிருக்கீங்க. மறுபக்கம் திருப்புங்க."

சிவசாமி திருப்பினார். உதடு அசைய வாசித்தார்: 'அது குடித்த இரத்தத்தில் வளர்ந்தது நான். அப்படியென்றால் நானும் அட்டைதான்.'

அந்த வரியின் ஓரத்திலிருந்த சிவப்புச் சரியை விரலால் தொட்டார்.

"இதுக்கும் சரி போட்டிருக்கீங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"போட்டிருக்கேங்க."

கொப்பியை மழைக்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் விடிந்ததிலிருந்தே மழை. பள்ளி விட்டதும் ஜெயந்தினி லயத்து வீட்டுக்கு ஓடிவந்தாள். அம்மா அடுப்படியில் காலைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"மேமலைக்கா போட்டாங்கம்மா?"

"இல்லடி, பழைய மலைதான். மழை வலுத்ததும் எல்லாரையும் எறங்கச் சொல்லிட்டாரு கணக்கப்புள்ள. அவரு கொடையக்கூட விரிக்கல. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. வீட்டுல யாருக்கும் முடியலையோ என்னமோ, பாவம். அவரு மக பள்ளிக்கூடம் வந்துச்சா?"

"வந்துச்சும்மா," என்றாள் ஜெயந்தினி. "முன் பெஞ்சில வந்து உக்காந்துச்சு."