மாஸ்டரின் உதை

என் புருஷனின் கராட்டிக் கறுப்புப் பட்டிக்குக் குசினி அடுப்பில் வைத்துச் சாயம் போட்டவள் நான். கொழும்பில் ஒரு ஜப்பான்காரரின் கையால் வாங்கியது என்று அவர் அன்புவழிபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்த பட்டி அது. முதல் மழைக்கே சாயம் இறங்கி, கோதுமை மாப் பைத் துணியில் நான் தைத்துக்கொடுத்த வெள்ளை உடுப்பெல்லாம் கறையானது. அதைத் தோய்த்தவளும் நான்தான்.

பகலில் அவர் சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவார். பின்னேரம் எங்கள் வீட்டு வளவில் குலசிங்கம் மாஸ்டர் ஆகிவிடுவார். சண்டை நடக்கிற ஊரில் சண்டை பழக்கப்படும் என்று பலகை மாட்டிய ஒரே மனுஷன் அவர்தான். படிக்க வந்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்களில் தம்பிராசா மட்டும்தான் அவரை உண்மையாகவே நம்பினான். குச்சவெளியில் வீடு எரிந்த பிறகு தாய் அன்னலட்சுமியோடு எங்கள் பின் ஒழுங்கைக்குக் குடிவந்தவன். கடலில் வள்ளத்துக்கு வள்ளம் பாய்ந்து பழகிய கால் அவனுக்கு. என் புருஷன் கற்றுக்கொடுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை.

தொண்ணூற்று மூன்றில் கலியாண வீடியோ எடுக்கிற ஜவாஹிருக்கு ஒரு படம் எடுக்க ஆசை வந்தது. கதை மாஸ்டருடையது: தனி ஆளாகப் பத்துக் காடையரை அடித்து ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறார். காசில்லாததால் அந்தப் பெண்ணின் தாயாக நானே அழுதேன். முதல் நாளே மாஸ்டர் காலைத் தூக்க, காற்சட்டை கிழிந்து மணலில் குந்திவிட்டார். அதைப் போட்டுப் பார்த்த ஜவாஹிர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறான். இதைப் பகிடிப் படமாகத்தான் விடலாம் அக்கா, மாஸ்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று என்னிடம் கெஞ்சினான். நானும் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் சோறு தின்னமாட்டார்.

கடைசிச் சண்டையில், கடற்கரைத் தென்னையில் கட்டித் தொங்கவிட்ட தேங்காயைப் பாய்ந்து உதைக்க வேண்டும். மாஸ்டர் விழுந்து விழுந்து எழும்பியதைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசியில் தம்பிராசாவுக்கு அவருடைய உடுப்பைப் போட்டு, முகம் விழக்கூடாது, முதுகு மட்டும் காணும் என்று ஜவாஹிர் பத்துத் தரம் சொல்லி எடுத்தான். ஒரே உதை, தேங்காய் கடலுக்குள் போய் விழுந்தது. அன்றிரவே மாஸ்டர் அது தன்னுடைய உதை என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்று கண்டவர்களுக்கும் சொன்னார். ஓம், மாஸ்டர்தான் உதைச்சவர் என்று தம்பிராசாவும் சேர்ந்து சொன்னான்.

தேங்காய்க்குப் பின்னால் துறைமுகமும் அதில் நின்ற நேவிப் படகுகளும் படத்தில் விழுந்திருந்தன. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். கசெட்டோடு நடித்தவர்கள் எல்லோரும் நேவி முகாமுக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தது. அன்னலட்சுமியும் கூட வந்து கேற்றுக்கு வெளியே குந்தினாள். ஆம்பிளைகளை முகாமுக்குத் தனியே அனுப்பாத காலம் அது.

விறாந்தையில் டிவியை வைத்துப் போட்டார்கள். முகாமின் பெரியவன் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். தன் படம் பிடித்துப்போயிற்று என்று மாஸ்டர் முதலில் நிமிர்ந்துதான் இருந்தார். தான் காலைத் தூக்கும் போதெல்லாம் ஆடு கத்துகிற சத்தம் போட்டிருப்பதைக் கேட்டபிறகுதான் அவருக்கு விளங்கியது. ஜவாஹிரைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்தான். என்னைப் பார்த்தார். நானும் குனிந்தேன்.

பிறகு அந்த உதை வந்தது. சிரிப்பு நின்றது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். இது ஆர், எந்த இயக்கத்தில் ட்ரெயினிங் எடுத்தவன் என்று தமிழ் தெரிந்த ஒருவனை வைத்துப் பெரியவன் கேட்டான்.

அவர் தப்பிப் போக அன்றைக்கு உண்மை ஒன்றே போதும். வாழ்நாள் முழுக்க வீண் பெருமைக்குப் பொய் சொன்ன மனுஷன், அன்றைக்கும் பொய்தான் சொன்னார்.

"நான்தான் சேர். அது என்ர கால்."

வேப்பமரத்தில் வாளி ஒன்றைக் கட்டி, உதை என்றார்கள். ஓடினார், விழுந்தார். சிரித்தார்கள். முழங்கால் உரிந்து இரத்தம் வந்தது. "இன்னொருக்கா சேர்" என்று எழும்பினார். திரும்பவும் விழுந்தார். ஒருவன் துவக்குப் பிடியால் முதுகில் போட்டான். நான் அவரைப் பார்க்கவில்லை. தம்பிராசாவைப் பார்த்து, அசையாதே என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

"அவரை விடுங்கோ" என்று எழும்பினான். "அது நான்."

அவனையும் உதைக்கச் சொன்னார்கள். விழு, பாழாய்ப்போவானே, விழு என்று நான் மனதுக்குள் கத்தினேன். ஒரே உதை. வாளி மதிலில் போய் மோதி நசிந்தது.

"மாஸ்டர் பழக்கினவர்" என்றான், பெருமையாக.

பொழுதுபட எங்களை விட்டார்கள், அவனை விடவில்லை. கேற்றடியில் அன்னலட்சுமி எங்கள் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாஸ்டர் அவளைப் பார்க்காமல் நொண்டிக்கொண்டு கடந்துபோனார். அடுத்த கிழமை போய்க் கேட்டபோது, அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்று முகாமில் சொன்னார்கள்.

காணாமல் போனவர்களைப் பதிகிற இடத்தில் அவனுடைய முகப் படம் கேட்டார்கள். அடையாள அட்டை முகாமில். இருந்த படமெல்லாம் குச்சவெளி வீட்டோடு எரிந்துபோயின. ஜவாஹிரிடம் அதே படத்தின் இன்னொரு கசெட் இருப்பதைக் கேள்விப்பட்டு அன்னலட்சுமி எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜவாஹிர் வீடியோ டெக்கைக் கொண்டுவந்து போட்டான். அவள் டிவிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். மாஸ்டர் கதவடியில் நின்றார்.

தம்பிராசா ஓடினான், பாய்ந்தான், உதைத்தான். முதுகு மட்டும்.

"இனித் திரும்புவான், இல்லையா தம்பி?" என்றாள் அன்னலட்சுமி. "அதில நிப்பாட்டுங்கோ. முகத்தை எடுப்பம்."

ஜவாஹிர் நிறுத்தவில்லை. மகன் மணலில் கால் ஊன்றித் திரும்ப வேண்டிய இடத்தில், திரை நிறைய என் புருஷன் வந்து பல்லைக் காட்டிச் சிரித்தார்.