ஐந்தாவது இடம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியைப் பாதி நகர்த்திவிட்டு ஜெயசீலி அப்பாவின் டையை நெகிழ்த்திக்கொண்டிருந்தாள். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழுத்தைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தாள். சில்லென்ற தோல்தான் தட்டுப்பட்டது. நீலக் கயிறு இல்லை. கூடத்தில் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"என்னடி தேடுற, செயினா?" என்று ஷீலா அத்தை காதோரம் கேட்டாள். அப்பாவின் தங்கை. நேற்றுக் காலையில் அவர் டீ டம்ளரோடு சாய்ந்ததிலிருந்து வீட்டுச் சாவி, பால், பாய் எல்லாம் அவள் கையில்தான்.

"பென் டிரைவ், அத்தை."

குளிப்பாட்டியவர்கள் அதைக் கழற்றி அவருடைய பழைய சட்டைப் பையில் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டையை அத்தை விடிகாலையிலேயே ஊறவைத்துவிட்டாள். இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். சோப்பு நுரைக்குள்ளிருந்து கயிறும் அதன் நுனியில் பென் டிரைவும் வந்தன. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஜெயசீலி அதைப் புடவைத் தலைப்பில் துடைத்து, மேஜை விசிறிக்கு முன்னால் ஒரு மணி நேரம் கட்டித் தொங்கவிட்டாள்.

மூன்று மணிக்கு அடக்கம். மேற்குத் தாம்பரத்தில் அவர்கள் சபையில் பதினாறு வருஷமாக யார் செத்தாலும் பாட்டும் ஜெபமும் அச்சடித்த ஆராதனைத் தாளை அடித்துக் கொடுத்தவர் அப்பா ஐசக். ஒரு தாளில்கூடப் பிழை வந்ததில்லை. இன்றைக்கு அவருடைய தாளை அடிக்க ஆள் இல்லை. நான் செய்கிறேன் என்று ஜெயசீலி சொல்லிவிட்டாள். பிழையில்லாமல் செய்துவிட வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

ஐசக்கிடம் சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது, அங்கே சிஸ்டத்தில் எதையும் ஏற்றக் கூடாது என்று சட்டம். அதற்காகவே தமிழ் எழுத்து, டைப் செய்கிற மென்பொருள், மெயில் பார்க்கிற பிரவுசர் எல்லாவற்றையும் பென் டிரைவிலிருந்தே ஓடும்படி வைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகும் அதே பழக்கம். எங்கே கம்ப்யூட்டர் கிடைக்கிறதோ அங்கே சொருகுவார், வேலையை முடிப்பார், பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். "நான் வந்துட்டுப் போனது அந்த சிஸ்டத்துக்கே தெரியாது" என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அதே வார்த்தையை மூன்று வாரம் முன்பு நாவலூரில் அவளிடமும் சொன்னார். அவளுடைய புது வீட்டில் ஜெபம் வைத்த சனிக்கிழமை. அரை மணி நேரம் லேப்டாப் வேண்டும் என்றார். வந்திருந்தவர்கள் எதிரிலேயே, ஆபீஸ் லேப்டாப்பில் இந்தக் கண்றாவியெல்லாம் சொருகக் கூடாது, வைரஸ் வந்தால் என் வேலை போய்விடும் என்று ஜெயசீலி சிடுசிடுத்தாள். சரிம்மா என்று கயிற்றைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து, சட்டையெல்லாம் வியர்வையோடு வந்தார். எங்கே போனீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நேற்றிலிருந்து அந்தச் சட்டைதான் அவள் கண் முன்னால் நின்றது.

சர்ச் ஆபீசில் பிரிட்டோ காத்திருந்தான். சபையின் கணக்கு, கடிதம் பார்க்கிறவன். பென் டிரைவைச் சொருகினார்கள். விளக்கு எரியவில்லை. பிரிட்டோ உதட்டைப் பிதுக்கினான். பின்பக்கத் துளையில் சொருகியதும் மினுக்கென்று எரிந்து, அப்பாவின் பட்டியல் திறந்தது. அவருடைய எழுத்துரு, அவர் வைத்திருந்த பெரிய எழுத்தளவு, அவர் கடைசியாக அடித்த அடக்கத் தாள். 'ஞானம்மாள் - 5 இடம் பார்க்கவும்' என்று அதற்குப் பெயர். போன மாதம் இறந்த ஞானம்மாளுடைய தாள்.

"பழைய தாள்லதான் பேரை மாத்துவாரு, அக்கா. அஞ்சு இடத்துல வரும். பிரிண்ட் எடுத்து விரல மடக்கி எண்ணுவாரு" என்றான் பிரிட்டோ.

ஜெயசீலிக்கு எண்ணுகிற பொறுமை இல்லை. அவள் கம்ப்யூட்டர் படித்தவள். தேதிகளையும் பாட்டுகளையும் மாற்றினாள். 'சகோதரி ஞானம்மாள்' என்று இருக்கும் இடமெல்லாம் 'சகோதரர் ஐசக்' என்று மாற்றச் சொல்லி ஒரே தட்டு. நான்கு இடம் மாறியது என்று காட்டியது. ஐந்தாவது எங்கே என்று தேடப் போனபோதுதான், பட்டியலில் அடுத்திருந்த தாள் கண்ணில் பட்டது. 'ஜெயா' என்று பெயர். தேதி, அந்தச் சனிக்கிழமை.

திறந்தாள். நாலே வரி. 'எங்கள் மகள் ஜெயசீலி தன் சொந்த உழைப்பில் நாவலூரில் வீடு வாங்கிக் குடியேறியதற்காக ஐசக் குடும்பத்தார் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள்.'

குடும்பத்தார் என்று போட்டிருந்தார். அம்மா போன பிறகு அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

"இது நாவலூர்லேர்ந்து அனுப்பினாருக்கா. எங்கேயோ பிரவுசிங் சென்டர் தேடி அலைஞ்சேன்னாரு. மறுநாள் சர்ச்சுல வாசிச்சோம். நீங்க வரல" என்றான் பிரிட்டோ.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிரிட்டோ எழுந்து வெளியே போய் நின்றான். திரும்பி வந்தபோது மணி ஒன்றரை. தாள் முடிஞ்சுதா என்று கேட்டான். முடிஞ்சுது என்றாள். இருநூறு பிரதி அடித்தார்கள். பென் டிரைவைப் பிடுங்கியதும் திரையில் ஒன்றுமே இல்லை.

ஆராதனையில் பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்க, சபை முழுவதும் தாளைப் பார்த்துச் சேர்ந்து வாசித்தது. "எங்கள் சகோதரி ஞானம்மாளை எங்களுக்குத் தந்து, இத்தனை காலம் எங்கள் நடுவே வாழவைத்ததற்காக..."

யாரும் நிறுத்தவில்லை. ஐசக்கின் தாளில் பிழை இருக்காது என்று பதினாறு வருஷம் பழகிய வாய்கள். வரி முடிந்த பிறகுதான் இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன. பாஸ்டர் ஒரு கணம் தயங்கி, மேலே வாசித்துப் போனார்.

ஞானம்மாளை. ஜெயசீலிக்கு அப்போதுதான் உறைத்தது. ஐ சேர்ந்ததும் ள் மேலிருந்த புள்ளி போய்விட்டது. புள்ளி வைத்த பெயரை மட்டும் தேடிய கம்ப்யூட்டர் இதை வேறு யாரோ என்று விட்டுவிட்டது. அப்பா அதனால்தான் விரலை மடக்கி எண்ணியிருக்கிறார். அவருக்கென்று செய்த ஒரே காரியம், அதையும் கெடுத்துவிட்டாள். பெட்டியைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கல்லறையில் மண் போட்டுவிட்டு எல்லாரும் கலைந்தபோது சுவிசேஷமுத்து மெல்ல அவளிடம் வந்தார். ஞானம்மாளின் கணவர். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"இந்தத் தாள் இன்னொண்ணு கெடைக்குமாம்மா? என்னுத பக்கத்துல இருந்தவரு வாங்கிட்டுப் போயிட்டாரு."

அவள் தன் கையிலிருந்ததைக் கொடுத்தாள். அவர் மூன்றாம் பக்கத்தைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வரியைத் தேடிப் பார்த்தார். பிறகு நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஐசக்கின் குழி மேல் இன்னொரு பிடி மண் அள்ளிப் போட்டார்.

ஜெயசீலியின் உள்ளங்கையில் சுற்றியிருந்த நீலக் கயிறு இன்னும் காயவில்லை. சோப்பு வாசனை அடித்தது.