ஓவர்லோடு மச்சான்

லிங்கேஸ்வரனுக்கு மச்சான் மேல் பொறாமை. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பொண்டாட்டியின் கூடப்பிறந்த அண்ணன் என்று தெரிந்தும், அந்த மனிதரைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரிந்தது.

எரிய வைத்தது ஒரு சினிமா. போடியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் லிங்கேஸ்வரன், ‘மெட்டு சினிமா’ என்று ஒரு யூடியூப் சேனலும் நடத்துகிறான். படம் விட்டு வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டி, “படம் எப்படி இருக்கு?” என்று கேட்பான். அதற்குப் பிறகு தானே உட்கார்ந்து விமர்சனமும் சொல்வான். கேமரா கோணம், பின்னணி இசை, திரைக்கதை என்று அத்தனையும் அலசுவான். அதைக் கேட்க ஆள்தான் கிடையாது. அவன் பொண்டாட்டி ரோஜாகூட முழுசாகப் பார்த்தது இல்லை. பாதியில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும்.

இரண்டு வருஷம் முன்னால் ‘குதிரைக்காரப் பசங்க’ என்று ஒரு வெள்ளைக்காரப் படம் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. பேங்கைக் கொள்ளையடித்துவிட்டுக் குதிரையில் பறக்கும் இளவட்டத் திருடர்களின் கதை. மலை மேல் இருக்கும் போடிமெட்டுக்கு ஏலக்காய்த் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவரான மச்சான் சோலைமலையும் அந்தப் படத்துக்கு வந்திருந்தார். லிங்கேஸ்வரன் மரியாதைக்காக அவரிடமும் மைக்கை நீட்டினான்.

“ஒரு குதிரையில ரெண்டு பேரு ஏறி மலையத் தாண்டுனதுக்கு இம்புட்டு விசிலா?” என்றார் சோலைமலை. “நான் ஒரு ஜீப்புல இருவது பேர ஏத்திக்கிட்டு தெனமும் மெட்டு ஏறுறேன். அவன் செஞ்சா ஹீரோ, நான் செஞ்சா ஓவர்லோடா?”

அவ்வளவுதான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை ஒரே நாளில் ஊர் ஊராகப் பிழைத்துவிட்டது. பக்கத்து ஊரான தேவாரத்துப் பயல்கள் அந்தப் பேச்சுக்கு ஆடி வீடியோ போட்டார்கள். மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவில் “ஓவர்லோடு சேட்டா” என்று கூப்பிட்டுச் சாயா கொடுத்தார்கள். ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் வேலை பார்க்கும் ரோஜா, பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கும் பெண்களுக்கெல்லாம் போட்டுக் காட்டி, “எங்கண்ணே, எங்கண்ணே” என்று பூரித்துப்போனாள். மைக்கைப் பிடித்த கை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருப்பாளா என்பது லிங்கேஸ்வரனுக்குச் சந்தேகம்தான்.

அந்தப் படத்துக்கு இப்போது இரண்டாம் பாகம் வந்துவிட்டது. இந்த முறை மச்சான் முகம் சேனலில் வரக்கூடாது என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வண்டி போகாது. காலைக் காட்சியிலேயே தியேட்டர் நிறைந்தது. கதை இதுதான். திருடர்கள் ஒவ்வொருவர் படத்தையும் போட்டு, ‘பிடித்துக் கொடுத்தால் பரிசு’ என்று அரசாங்கம் நோட்டீஸ் ஒட்டுகிறது. குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் பச்சைத் தொப்பிக்காரன் முகம் மட்டும் அதில் இல்லை. மற்றவர்கள் தங்கள் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வெம்பிப்போன பச்சைத் தொப்பி, ஒளிந்திருக்கும் இடத்தைப் போலீசுக்குக் காட்டிக் கொடுத்துவிடுகிறான். கடைசியில் கூட்டாளிகளே அவனைச் சுட்டுப் போடும்போது தியேட்டரே கைதட்டியது. லிங்கேஸ்வரனும் சேர்ந்துதான் தட்டினான்.

வெளியே வந்து போனை ஸ்டாண்டில் மாட்டினான். கருத்து மழையாகக் கொட்டியது.

“மொத பாகத்துக்குப் பக்கத்துல வராதுங்க. குதிரையக் கொறச்சு அழுகையக் கூட்டிப்புட்டாங்க.”

“எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. அதுல வெறும் ஓட்டம், இதுல கதை இருக்கு.”

“பசங்களுக்கு வயசாயிருச்சுண்ணே. மீசை வச்சதுக்கப்புறம் என்ன இளவட்டம்?”

சிலமலையிலிருந்து வந்திருந்த முத்துப்பிரியா என்ற கல்லூரிப் பெண் படபடவென்று பொரிந்தாள். “கூட இருந்தே குழி பறிக்கிறவன மன்னிக்கவே கூடாது. அந்தப் பச்சைத் தொப்பிய சுட்டது ரொம்பச் சரி.”

அப்போது கூட்டம் ஒரு பக்கம் திரும்பியது. “ஓவர்லோடு அண்ணே வந்துட்டாரு! அண்ணே, ஒரு வார்த்தை!” யாரோ இரண்டு பேர் சோலைமலையை இழுத்துக்கொண்டு வந்து மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

லிங்கேஸ்வரனுக்கு முகம் இஞ்சி தின்ற குரங்காயிற்று. ஊர் பார்க்க மச்சானுக்கு மைக்கை மறுத்தால் அது மரியாதைக் குறைவு. விஷயம் வீட்டுக்குப் போகும், வீட்டில் ஒரு மாதத்துக்குப் பேச்சிருக்காது. ஆகவே வாய் நிறையச் சிரித்து, “வாங்க மச்சான்” என்று மைக்கை நீட்டினான். இன்னொரு கையால் போனைத் தொட்டு ரெக்கார்டிங்கை நிறுத்தினான். பேசட்டும், காற்றோடு போகட்டும்.

எல்லாரும் சிரிக்கத் தயாராக நின்றார்கள். சோலைமலை சிரிக்கவில்லை.

“அந்தப் பச்சைத் தொப்பிய எல்லாரும் வையிறீக. அவன் செஞ்சது தப்புதேன். ஆனா குதிரைக்குத் தண்ணி காட்டுனவன் அவன், லாடம் அடிச்சவன் அவன். குதிரை இல்லேன்னா அந்தப் பயலுக எங்கிட்டுப் போயிருப்பாங்க? ‘நீ இல்லாட்டி நாங்க இல்லடா’ன்னு ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லியிருந்தா அவன் காட்டிக் குடுத்திருப்பானா?”

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“படத்துல அதப் பாக்கையில எனக்குச் சுருக்குன்னுச்சு. ஊரே என்னைய ஓவர்லோடுங்குது. என் பேச்ச வெட்டி ஒட்டி ஊருக்குக் காட்டுனது யாரு? இந்தா நிக்கிறானே, என் மாப்ளே லிங்கேஸ்வரன். ரெண்டு வருசமா நான் அதச் சொன்னதே இல்ல. இவன் இல்லாட்டி நான் வெறும் ஜீப்பு டிரைவரு. ஏ ரோஜா, வீடியோவுல நல்லாப் பாத்துக்க. உன் புருசன் பெரிய ஆளு.”

ஜனம் கைதட்டியது. அந்த இடத்தில் முதல்முறையாக, மைக்குக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். லிங்கேஸ்வரன் போனைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி இல்லை.

“ரெக்கார்டு ஆயிருச்சா மாப்ளே?”

இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கலாம். ஏன் என்று கேட்டால்? அதோடு, என்னை இன்னொரு தடவை புகழுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

“ஆயிருச்சு மச்சான்” என்றான்.

சாயங்காலம் ரோஜா போனோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “உன் புருசன் வீடியோவ இன்னைக்குக் கண்டிப்பாப் பாருன்னு அண்ணே போன் பண்ணுச்சு” என்றாள். பார்த்தாள். ஜனங்களின் கருத்தைப் பார்த்தாள், அதற்குப் பிறகு வந்த அவன் விமர்சனத்தையும் முழுசாகப் பார்த்தாள். அடுப்பு ஞாபகம் வரவில்லை. காட்டிக் கொடுப்பவனுக்கு மன்னிப்பே கிடையாது என்று போனுக்குள் அவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். வெளியே இருந்தவனுக்கு வியர்த்தது.

“முடிஞ்சிருச்சு. எங்கண்ணே எங்க?”

“அது… சரியா வரல.”

“எங்கண்ணே பேச்சு சரியா வரலையா?” அவள் அப்போதே அண்ணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். “அண்ணே, நீ வீடியோவுல இல்லவே இல்ல!”

லிங்கேஸ்வரன் சுவரைப் பார்த்தான். அந்தப் பக்கம் சோலைமலை சிரிக்கும் சத்தம் கேட்டது.

“வெட்டிட்டானா? இப்பத்தேன் புரியுது. அவனப் பெருமையாப் பேசிப்புட்டேன் ஆத்தா. தன்னையப் புகழ்ந்தத தானே போட வெக்கப்பட்டிருப்பான். வேற எவனா இருந்தாலும் அதத்தான் மொதல்ல போட்டிருப்பான். தங்கமான மனுசன், பத்தரமாப் பாத்துக்க.”

ரோஜா போனை வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஏங்கிக் கிடந்த பார்வை அது. “எங்கண்ணே அப்படி என்னதான் சொல்லுச்சு? எனக்கு மட்டுமாவது சொல்லுங்களேன்” என்று அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

அவன் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தான். இந்தப் பார்வைகூட மச்சான் வாயிலிருந்து வந்ததுதான். அப்போதும் அவனுக்கு வயிறுதான் எரிந்தது.