தண்ணீர் வராத காலை

1

“கையெழுத்துப் போட மாட்டேன்னா போட மாட்டேன். எத்தன தடவ சொல்லுதேன்—”

“பப்பா, பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும். இல்லேன்னா அந்த இடத்தை வேற யாருக்காவது—”

“குடுக்கட்டும்! நல்லா குடுக்கட்டும்! ட்வெல்த்ல எண்பத்தோரு பர்சென்ட் எடுத்த பிள்ள ஏணிய தூக்கிட்டு அலைஞ்சா—”

“ஏணி இல்ல பப்பா. ஸ்டூல்.”

“ஏளா, நான் பேசிக்கிட்டு இருக்கேன்!”

“நானும்தான் பேசிக்கிட்டு இருக்கேன்!”

2

இந்தக் கதை எனக்கு இன்று காலை ஏழு மணிக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்கவில்லை. புனேயில், தாபோடியில் எங்கள் கட்டடத்துச் சுவர்கள் அப்படி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “புனேயின் மேற்கு வானில் மழைமேகங்கள் திரண்டு—” அடித்துவிட்டேன். வானத்தில் யாரும் பேசவில்லை. முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். முகத்தை வருணிக்கச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் ஒரு சொல் பிசகாமல் நிற்கும். ஆகவே பக்கத்து வீட்டு ரவிசந்திரனுக்கு மீசை உண்டு என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தெரிந்ததைச் சொல்கிறேன். ரவிசந்திரன் நாங்குநேரிக்காரர், ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மகள் வைஷுவை இன்ஜினியரிங் காலேஜில் சேர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அவளோ பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ராகவேந்திரா என்கிற எலெக்ட்ரீஷியனிடம் அப்ரண்டிஸாகச் சேரப்போகிறாள். இரண்டு வாரமாகக் கூடவே போய் வேலையும் பழகிவிட்டாள். ஒப்பந்தத் தாளில் அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. அவளுக்குப் பதினேழு வயதுதான்.

3

அந்தச் சண்டையின் நடுவில் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

ரவிசந்திரன் முகமெல்லாம் சவர நுரையோடு மாடிப்படிக்கு வந்தார். கீழேயிருந்து சொசைட்டி செக்ரட்டரி ராஜஸ்ரீயின் குரல்: “மோட்டர் ஜளாலி!” (மோட்டார் எரிந்துவிட்டதாம். பொத்தானை அழுத்தினாள், சத்தமே இல்லை, அவ்வளவுதான் ஆராய்ச்சி.)

“ஆமா ஆமா,” என்றார் மூன்றாம் மாடியிலிருந்து ரவிசந்திரன். “எனக்கு அப்பமே வாடை வந்துட்டு. மோட்டாருக்குள்ள காயில் கம்பி கருகுன வாடை. என் மூக்கு பொய் சொல்லாது.”

(அடிக்குறிப்பு: கருகியது என் தோசை.)

புது மோட்டார் வாங்க வேண்டும் என்று ஒரு குரல், பழசைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றலாம் என்று ஒரு குரல், குளிக்காமல் ஆபீஸ் போவது எப்படி என்று நாலு குரல். வைஷுவின் குரல் மட்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. பேசாத பாத்திரத்தை நான் நம்புவதில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். படியில் நின்றுகொண்டிருந்தாள். வலது கை ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் இருந்தது.

4

ஒரு தொழில் விஷயம், சுருக்கமாக. மின்வேலை செய்கிறவர் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். ஃபியூஸ் பெட்டிமேல் கூட வைக்கக்கூடாது. அவர் கை வயரில் இருக்கும்போது வேறு யாரோ வந்து அதை மாட்டிவிட்டால் ஆள் போய்விடும். ராகவேந்திரா முதல் நாள் சொல்லித்தந்தது இது. நேற்று மாலை எங்கள் பம்ப் ரூமில் அவர் பழைய வயரை மாற்றியபோது கட்டை வைஷுவின் பாக்கெட்டில் இருந்தது. வேலை முடிந்து, தேநீர் குடித்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுத் தூங்கி... அது இன்னும் பாக்கெட்டிலேயே இருந்தது.

இப்போது ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். வைஷு சத்தமில்லாமல் கீழே போகிறாள், கட்டையை மாட்டுகிறாள், “மோட்டாரைச் சரிபண்ணிட்டேன்!” என்கிறாள், கட்டடமே கைதட்டுகிறது, ரவிசந்திரன் கண்கலங்கி—

கிழித்துப் போட்டேன். நடந்தது இது:

“மோட்டார் எரியலை!” வைஷு படியிலிருந்தே கத்தினாள். கட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினாள். “ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. என் தப்பு. மாட்ட மறந்துட்டேன்.” அதையே மராத்தியிலும் ஒரு தரம் சொன்னாள், ஒருவரும் விட்டுப்போகக் கூடாதே என்று.

“அடப் பாவி,” என்றார் அப்பா.

5

பம்ப் ரூமுக்குள் பதினோரு பேர் நுழைந்தோம். ரவிசந்திரன் கையை நீட்டினார்.

“குடு இங்க. நான் மாட்டுதேன்.”

“கையை எடுங்க பப்பா!”

“என்னது?”

“மெயின் ஆன்ல இருக்கு. முதல்ல அதை ஆஃப் பண்ணணும். எல்லாரும் பின்னால போங்க. மாகே, மாகே! நீங்களும்தான் பப்பா.”

இருபத்திரண்டு வருடமாக அந்த மனிதரைக் கேட்டு வருகிறேன். பாதிப் பேச்சில் அவர் நின்றதில்லை. இன்று நின்றார். நின்று, இரண்டு அடி பின்னாலும் போனார்.

லீவரை இறக்கினாள். கட்டையை அழுத்தி மாட்டினாள். லீவரை ஏற்றினாள். பொத்தானைத் தொட்டாள். மோட்டார் உறுமியது.

ராஜஸ்ரீ சிரித்த சிரிப்பில் குழாயே அதிர்ந்திருக்கும். “ஃபியூஸைத் திருடினவளும் இவதான், கண்டுபிடிச்சவளும் இவதான்! பக்கா எலெக்ட்ரீஷியன்!” என்று இந்தியில் சொல்லி அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

6

படியேறும்போது மறுபடி தொடங்கியது.

“ஒரு கட்டைய மாட்ட மறந்தவ, நாளைக்கு என்னத்த எல்லாம் மறப்பியோ?”

“மறந்தேன், திட்டுங்க. ஆனா பாக்கெட்லதானே மறந்தேன்? நேத்து அவசரப்பட்டு மாட்டியிருந்தா, அப்ப ராகவேந்திரா சார் கை அந்த வயர்லதான் இருந்திருக்கும். இப்ப என்ன ஆச்சு? தண்ணி வரலை. ஆள் இருக்கார்.”

மூன்று படி ஏறினார்கள். அப்புறம் ரவிசந்திரன் மெதுவாக, “எங்க ஒர்க்ஷாப்புல ஒருத்தன் இருந்தான்...” என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

7

இப்போது மணி பதினொன்றேகால். காலையிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் வைஷு ஏதோ இந்திப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாள். தண்ணீர் வந்த குஷி. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று ஒரு முடிவு எழுதலாம். தாளை இரண்டாகக் கிழித்தார் என்று இன்னொன்று. இதற்கு மேல் ஒரு வரி தெரியாது எனக்கு. உங்களுக்கு எது வேண்டுமோ அதை—

அழைப்பு மணி. திறந்தால் ரவிசந்திரன். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. கையில் அந்தத் தாள், மடிப்புக் கலையாமல். நின்றபடியே இந்த வரியை எழுதுகிறேன். அவர் என் விரல்களையே பார்க்கிறார்.

“அக்கா, அந்தப் பேனாவ கொஞ்சம் தாங்களேன்.”