கவாத்துக் கத்தி

சின்னமுத்துவின் கண்ணில் புகை படிந்துகொண்டிருப்பது அவன் பெண்டாட்டி பூமாரியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளிடமும் அவனாக எதையும் சொல்லவில்லை. அவன் கத்தி தீட்டுகிற விதத்தைப் பார்த்துத்தான் அவள் கண்டுபிடித்தாள்.

மூணாறுக்கு மேலே, பகலிலேயே மேகம் இறங்கி வாசலை அடைத்துக்கொள்கிற ஒரு எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் அவர்களுக்கு ஒரு வீடு. பூமாரி கொழுந்து எடுப்பவள். சின்னமுத்து கவாத்துக்காரன். வயதேறிய தேயிலைச் செடியை முழங்காலுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால்தான் மறுபடி தளிர்க்கும். அந்த வெட்டு ஒரே வீச்சில், சாய்வாக, வழுவழுப்பாக விழவேண்டும். மழுங்கிய கத்தி பட்டால் கிளை பிளந்து, பிளவில் தண்ணீர் இறங்கி, செடி உள்ளுக்குள் அழுகிவிடும். அதனால் கவாத்துக் காலம் வந்துவிட்டால் சாயங்காலமெல்லாம் லயம் முழுக்கக் கல்லில் இரும்பு உரசுகிற சத்தம்தான். அவரவர் கத்தியை அவரவர் வீட்டில் தீட்டிக்கொள்வார்கள். பெண்கள் அதைத் தொடுவதில்லை.

எழுபத்து நான்காம் வருஷக் கவாத்தில் சின்னமுத்து தீட்டும்போது கல் ஒரு தடவை செங்குத்தாகவும் ஒரு தடவை படுக்கையாகவும் போனது. வெளிச்சத்துக்காக வாசல் நிலையோடு ஒட்டி உட்கார்ந்தான். கத்தியை மூக்கருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எவ்வளவு நேரம் தேய்த்தாலும் விளிம்பு உருண்டுகொண்டே போனது. என்ன செய்கிறது என்று பூமாரி கேட்டபோது அவன் தலை நிமிரவில்லை.

“வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது,” என்றான். “தெரிஞ்சா அன்னைக்கே கணக்க முடிச்சு அனுப்பிருவாங்க.”

அவள் எழுந்து விளக்கை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து ஒரு சட்டம் செய்தான். பலகையின் ஒரு ஓரத்தில் கத்தியை அசையாமல் இறுக்கிப் பிடிக்க இரண்டு கட்டைகள். எதிர் ஓரத்தில் நட்ட குச்சியில் ஒரு துளை. தீட்டுக்கல்லை ஒரு மரப்பிடியில் பொருத்தி, உடைந்த குடையின் நடுக்கம்பியை அந்தப் பிடியில் செருகி, கம்பியின் மறுநுனியைத் துளைக்குள் விட்டான். இனிக் கை எப்படிப் போனாலும் கல் ஒரே சாய்வில்தான் போகும். கண் செய்ய வேண்டியதைக் குச்சியும் கம்பியும் செய்யும் என்பது அவன் கணக்கு.

ஆனாலும் சரிவரவில்லை. தீட்டத் தீட்ட மறுபக்கம் மெல்லியதாகப் பிசிறு எழும்பும். அது எங்கே எழும்பியது, எங்கே எழும்பவில்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் கத்தியைத் திருப்பிப்போட வேண்டும். அவன் கட்டைவிரலால் தடவிப் பார்க்கப்போய் இரண்டு நாளும் விரலை அறுத்துக்கொண்டான். மூன்றாம் நாள் பூமாரி அவனை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முரட்டுக் கல்லில் ஆரம்பித்து, தண்ணீர் தெளித்து, வழுவழுப்பான கல்லில் முடித்தாள். தலைமுடி ஒன்றைப் பிடுங்கி விளிம்பில் வைத்ததும் அது இரண்டாகப் போனது. சின்னமுத்து கத்தியை வாங்கி ஓரத்தைத் தடவினான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சாக்கில் சுற்றி மூலையில் சாத்திவிட்டுப் படுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு பூமாரிதான் தீட்டினாள்.

அந்தக் கத்தி சின்னமுத்துவின் குறையை மூடியது. வீசினால் கிளை தானாக உதிர்ந்ததுபோல விழுந்தது. கங்காணி கந்தப்பன் வெட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினானாம். இதைக் கூட வேலை செய்கிற மொக்கையன் வந்து சொன்னபோது பூமாரிக்கு ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்டுக்காகவே அவனை மேல்மலைச் சரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நிற்கவே இடம் பார்த்து நிற்க வேண்டும். மேகம் இறங்கினால் கண் நன்றாக உள்ளவனுக்கே பக்கத்துச் செடி தெரியாது.

சின்னமுத்து முட்டித் தோல் பெயர்ந்து வந்தான். ஒரு நாள் முழங்கைச் சிராய்ப்போடு வந்தான். விழுந்தாயா என்று கேட்டால் வழுக்கிவிட்டது என்பான். அவள் விளிம்பை எவ்வளவு கூராக்கினாளோ அவ்வளவு தூரம் அவனைச் சரிவில் மேலே தள்ளிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வீட்டுச் சாந்தம்மாளிடம் மட்டும் அவள் வாய் திறந்தாள். “கங்காணிகிட்டச் சொல்லிரு பூமாரி. கூட்டுற வேல, பெருக்குற வேல எதையாச்சும் குடுப்பாங்க,” என்றாள் சாந்தம்மாள். சொன்னால் வீட்டுக்காரர் என் முகத்தில் முழிக்க மாட்டார் என்று பூமாரி சொல்லிவிட்டாள். ஆனால் அந்த யோசனை அவளை விடவில்லை. தான் சொல்ல வேண்டாம், கத்தி சொல்லட்டும் என்று நினைத்தாள். நாலு கிளை பிளந்தால் கந்தப்பன் திட்டுவான், கவாத்திலிருந்து இறக்கிக் களை வெட்டப் போடுவான். திட்டு வாங்குவது உயிர் போகிற காரியம் இல்லை.

மறுநாளைக்கான கத்தியை வழக்கம்போலவே சட்டத்தில் பூட்டி, வழக்கம்போலவே சத்தம் கேட்கத் தீட்டினாள். கடைசியில் கல்லைப் பிடியிலிருந்து கழற்றி, கத்தியின் விளிம்பை அதன் மேல் நேராக நிறுத்தி அழுத்தி இழுத்தாள். கூர் செத்தது. சாக்கில் சுற்றி வைத்தாள்.

காலையில் சின்னமுத்து சாக்கைப் பிரித்து விரலால் ஒருமுறை தடவினான். பூமாரி அடுப்பைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். அவன் கத்தியைத் தோளில் வைத்துக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் போனான்.

வெயில் ஏறுவதற்குள் அவளைக் கொழுந்துக் காட்டிலிருந்து கூப்பிட ஆள் வந்தது. மழுங்கிய கத்தி கிளையில் இறங்காமல் நழுவியிருக்கிறது. அவன் இரண்டாம் முறை பலத்தையெல்லாம் கூட்டி ஓங்கி வீசியிருக்கிறான். அது கட்டையில் பட்டுத் திரும்பி இடது முழங்காலில் ஏறிவிட்டது. மொக்கையனும் இன்னும் இரண்டு பேரும் அவனைக் கம்பளியில் போட்டு ரோடு வரை தூக்கி வந்தார்கள். ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. கட்டியிருந்த துணி நனைந்துகொண்டே வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். வெட்டு நேராக இல்லை, பிய்ந்திருந்தது, அதனால்தான் ஆற நாளாகிறது என்று காயம் கட்டியவர் அவளிடம் தன்மையாகத்தான் சொன்னார். அந்த ஒரு சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பிய்ந்திருந்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டாள்.

முட்டி மடங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியிலேயே கண்ணையும் பார்த்துவிட்டதால் மறைக்கவும் ஒன்றும் இல்லை. எஸ்டேட் பதிவிலிருந்து அவன் பேரை எடுத்துவிட்டார்கள். பூமாரி வேலையில் இருந்ததால் வீடு தங்கியது. கண் தெரியாதவனை மலையில் நிறுத்தினோமே என்று கந்தப்பன் வீட்டுக்கே வந்து வருத்தப்பட்டான். குற்றமெல்லாம் கண்ணின் மேல் போனதில் பூமாரிக்கு ஆறுதல் வரவில்லை. யாராவது தன்னை நாலு வார்த்தை கேட்டால் தேவலை என்றிருந்தது.

ஒரு மழைச் சாயங்காலம், அவன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அவன் பேசினான்.

“அன்னைக்குக் கத்தியில கூர் இல்ல. காலையிலயே தெரியும்.”

சுளகு நின்றது.

“கை தெரியாமப் பட்டிருந்தா ஒரு இடத்துல மழுங்கியிருக்கும். நுனியில இருந்து பிடி வரைக்கும் ஒரே மாதிரி மழுங்கியிருந்துச்சு. வேணும்னே செஞ்சிருக்கன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.”

“தெரிஞ்சும் எதுக்குங்க கொண்டு போனீங்க?” அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“திருப்பிக் குடுத்தா நீ பேச ஆரம்பிச்சிருவ. போக வேணாம்னு சொல்லுவ. எனக்கும் வேணாம்னு தோணிருமோன்னு பயமா இருந்துச்சு.”

அவள் அழுதாள். அவன் கையை நீட்டவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை. விளக்கை ஏற்றிவிட்டாயா என்று கேட்டான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசி முடித்துவிட்டதாக அவன் நினைத்தான் போலிருக்கிறது. அவளுக்கு அன்றுதான் ஆரம்பித்தது. ராத்திரி அவன் புரண்டு படுத்தால் முழிப்பாள். அவன் சுவரைத் தடவித் தடவி நடந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நோகாமல் பார்த்துக்கொண்டதில் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று.

ஈரக் குளிரில் முட்டி இரவு பகலாகக் குடைந்தது. கீழே போடிப் பக்கத்தில் அவன் தம்பி இருந்தான். வெயில் இருக்கிற ஊர் என்று சின்னமுத்துதான் போகக் கேட்டான். பூமாரி வேலையை விட்டால் இரண்டு பேருக்கும் போக்கிடம் இல்லை. அதனால் அவன் மட்டும் போவதென்று ஆயிற்று. பஸ் ஏற்றிவிட மொக்கையனும் வந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்த சின்னமுத்து, அவள் நின்ற பக்கம் விட்டுச் சற்றுத் தள்ளி யாரோ ஒருத்தியைப் பார்த்துத் தலையசைத்தான். பூமாரி நகர்ந்து போய் அந்தப் பெண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.